தலைமாட்டில் நிற்க ஒரு ஆள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய மயக்க மருத்துவர் அவர்களுக்கு,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருப்பதாகக் குட்டி சொன்னாள். மகள் வழியாக எனக்குத் தகவல் அனுப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை போல. நல்லது. நானும் உன்னோடு பேசத் தவித்துக்கொண்டு கிடக்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடும், விவாகரத்து வக்கீலே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி வரும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்து மூன்று வயதுப் பெண். இடது மார்பில், மேல்பக்கம் அக்குளை ஒட்டி ஒரு கட்டி. ஊசி விட்டு எடுத்த சதையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மார்பை எடுக்க வேண்டும். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, கோபம் மட்டும் உண்டு. இந்த நோயாளிக்கு நீ வந்துதான் மயக்கம் கொடுக்க வேண்டும். இங்கே இருக்கிற மயக்க டாக்டர்கள் யார் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இருபது வருஷம் நான் கத்தி பிடித்தபோதெல்லாம் நோயாளியின் தலைமாட்டில் நீ நின்றாய். அந்த ஒரு விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மற்ற விஷயங்களில் தாராளமாக வரும்.

தேதியை மட்டும் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமை அறுவை மருத்துவர்


மார்ச் 5

கத்தி,

கல்லூரியில் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். மதிப்பிற்குரிய என்றெல்லாம் எழுத இப்போது கை ஓடவில்லை.

உன் கடிதத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபடியே படித்தேன். டிரைவர் பக்கத்தில் வந்து, "என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? மேடம் திட்டியிருக்காங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியின் கோபத்தைப் பற்றியும் நீ என்னிடம் சொன்னதில்லை. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வாய், அதோடு சரி. இந்தக் கடிதத்தில் சென்டிமீட்டரையே காணோம். வயது ஐம்பத்து மூன்று என்று இருக்கிறது.

நீதானே?

இல்லை என்று ஒரு வரி எழுது. எழுதினால் அடுத்த ஆம்புலன்ஸிலேயே ஏறி வந்து அந்தக் கோபக்காரிக்கு மயக்கம் கொடுக்கிறேன். ஒரே ஒரு வரி போதும்.

தாலாட்டு


மார்ச் 7

தாலாட்டு,

நான்தான். இரண்டரை சென்டிமீட்டர். போதுமா?

நவம்பரில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வேறு யாராவது அப்படி வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊசி விட்டுப் பார்த்திருப்பேன். ஒரு மாதம் தள்ளி வந்த பெண்களை, "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டு அழ வைத்திருக்கிறேன். எனக்கு என்று வந்ததும், மாதவிலக்கு நிற்கிற வயது, வெறும் ஹார்மோன் கட்டி என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் கட்டிக்கு மேலே தோல் குழிந்து உள்ளே இழுத்தது. அதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வழியில்லாமல் போய்விட்டது.

மேமோகிராம் எடுக்கிற அறைக்குள் நான் அதுவரை காலே வைத்ததில்லை என்றால் நம்புவாயா? படங்கள் என் மேஜைக்கு வரும், பார்ப்பேன், தெளிவாக இல்லை என்றால் அங்கே வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டுவேன். இப்போது அதே பெண் என் மார்பைப் பிடித்து அந்த ஜில்லென்ற தட்டில் வைத்தாள்.

"மேடம், தோளைத் தளர்த்துங்க."

"தளர்த்தித்தான் இருக்கேன்."

"இல்ல மேடம். காது வரைக்கும் தூக்கி வெச்சிருக்கீங்க."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். போன வருஷம் நான் ஆபரேஷன் செய்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தார். "என்ன டாக்டர், இங்க வந்து உக்காந்துட்டீங்க? ரவுண்ட்ஸா?" என்று கேட்டார். ஆமாம்மா, ரவுண்ட்ஸ்தான் என்றேன். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற அந்த நோயாளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சொன்னேன். பாவம், நம்புகிற மாதிரி தலையாட்டினார்.

சரி, நீ ஏன் என்று கேட்பாய். இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் நான் எது சொன்னாலும் தலையாட்டுவார். மூன்றாவது ஆள் முகக்கவசத்துக்கு உள்ளேயே விசிலடிப்பான், தியேட்டர் முழுக்க அவனுக்கு விசில் என்றே பெயர். நீ மயக்க மருந்து ஏற்றும்போது நோயாளியிடம் வீட்டுக்குப் போகிற வழியைக் கேட்பாயே, அவர்களும் இரண்டாவது திருப்பத்துக்குள் தூங்கிவிடுவார்களே, அதைத் துணித் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எனக்கும் அது வேண்டும். வேறு யாரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு என்னால் கண்ணை மூட முடியாது.

சொந்தக்காரர்களுக்கு மயக்கம் கொடுக்கக் கூடாது என்று ஆரம்பிப்பாய். தீர்ப்பு நகலை எடுத்துப் படித்துப் பார். நான் உனக்கு யாரும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

கத்தி


மார்ச் 9

கத்தி,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டேன்.

பழி வாங்குகிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கு அந்த வயிற்று ஆபரேஷனில், ரத்த அழுத்தம் இறங்குது, நிறுத்து என்று நான் சொன்னேன். "தூங்க வைக்கிறது உன் வேலை, அதை மட்டும் பாரு" என்று நர்ஸ்கள், மாணவர்கள் எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தாய். நோயாளி பிழைத்துவிட்டார், அதனால் நீ செய்ததுதான் சரி என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் முதலில் தியேட்டரை விட்டுப் போனேன், அப்புறம் வீட்டை விட்டு. கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 'மாட்டேன்' அதனால் வந்தது இல்லை.

உனக்கு மருந்தை ஏற்றிவிட்டு, நடுவில் உன் அழுத்தம் இறங்குகிறது என்று வைத்துக்கொள். வேறு நோயாளி என்றால் என் கை தானாக அடுத்த ஊசிக்குப் போகும். உனக்கு என்றால் நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். நேற்று ஒரு குடலிறக்கக் கேஸ். சாதாரணக் கேஸ். உன் நினைப்பு வந்ததும் ஊசியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் வெளியே வந்துவிட்டேன். தீர்ப்பு நகல் என் அலமாரியில்தான் இருக்கிறது, நானும் படித்தேன். என் கைக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படுகிறவன் தலைமாட்டில் நிற்கக் கூடாது.

விசில் நல்ல ஆள்தான். கொஞ்ச நாள் என்னோடு வேலை பார்த்திருக்கிறான். அவனை ஏற்பாடு செய். தள்ளிப் போடாதே. குட்டியிடம் சொல்லிவிடு.

தாலாட்டு


மார்ச் 11

தாலாட்டு என்று இனி எழுத மாட்டேன்.

நல்லா கை கழுவிவிட்டாய். சந்தோஷம். நானே எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டேன். வியாழக்கிழமை முதல் கேஸ் நான். என் உதவி சர்ஜன், எப்போதும் குனிந்தே நிற்கிறான் என்று நீ பவ்யம் என்று பெயர் வைத்தாயே, அவன்தான் செய்யப் போகிறான். எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது, எந்த நூல் போடுவது எல்லாம் அவனிடம் சொல்லியாகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பேனாவால் நானே கோடு போட்டுக் காட்டினேன். "சரிங்க மேடம்" என்றான். தலைமாட்டுக்கு நீ சொன்ன விசில். எனக்கு இஷ்டமில்லை. எழுதிக் கேட்ட ஆள் வரவில்லை, இருக்கிற ஆள் வரட்டும்.

அக்குளைத் தொடக் கூடாது என்று பவ்யத்திடம் கறாராகச் சொல்லிவிட்டேன். ஸ்கேனில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. அக்குளில் இருக்கிற நிணநீர் நெறிகளைத் தோண்டினால் கை வீங்கும், தோள் மரத்துப்போகும். நான் இடது கைக்காரி, கட்டி இருப்பதும் இடது பக்கம். இந்தக் கை போனால் எனக்கு என்ன மிச்சம்? வீட்டில் உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றவா? அதற்கும் கை வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. கேன்டீனில் ஒரு டாக்டர் என் தட்டைத் தானே தூக்கி வந்து கொடுக்கிறார். எனக்கு வியாதி மார்பில்தான் சார், கையில் இல்லை என்றேன். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

குட்டிக்குப் பரீட்சை. முடிந்ததும் சொல்வேன். இதில் நீ மூக்கை நுழைக்காதே.


மார்ச் 12

கத்தி,

குட்டியிடம் நான் சொல்லிவிட்டேன். திட்டிக்கொள். அழுதாள், அப்புறம் உன் மேல் பயங்கரக் கோபப்பட்டாள். உன் மகள்தானே.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அக்குளைத் தொடாதே என்று வேறு எந்த நோயாளிக்காவது நீ சொல்லியிருக்கிறாயா? புற்று முதலில் போய்ச் சேருகிற அந்த முதல் நெறியை எடுத்து அங்கேயே சோதிக்காமல் ஒரு மார்பையாவது மூடித் தைத்திருக்கிறாயா? ஸ்கேனில் தெரியாதது உள்ளே இருக்கலாம் என்று மேடையில் ஏறி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நீ. உன் உடம்புக்கு மட்டும் சட்டம் வேறயா?

பவ்யம் உன் எதிரில் வாயைத் திறக்க மாட்டான். அவனிடம் நீ அபிப்பிராயம் கேட்கவில்லை, உத்தரவு போட்டிருக்கிறாய். அந்த மேஜையில் படுக்கப் போவதும் நீ, நின்று செய்யப் போவதும் நீயே என்றால் அது நடக்கிற காரியமா? யாராவது ஒருத்தர் உன்னிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். அங்கே அப்படி ஒரு ஜீவன்கூட இல்லை என்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கை உனக்கு முக்கியம், தெரியும். கை மட்டும் பிழைத்து என்ன செய்யப் போகிறது?

தாலாட்டு


மார்ச் 14, வியாழன்

ஆபரேஷன் நடக்கவில்லை. சிரிக்கிறதென்றால் சிரித்துவிட்டு மேலே படி.

முந்தின நாளே வந்து வார்டில் படு என்றார்கள். மாட்டேன், வீட்டிலிருந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான செருப்பைப் போட்டுக்கொண்டு, ஊழியர்கள் வாசல் வழியாக நுழைந்தேன். நோயாளிகள் வருகிற வாசல் எந்தப் பக்கம் என்று என் காலுக்குத் தெரியாது. நேராக சர்ஜன்கள் அறைக்குப் போனேன். பிளாஸ்கில் காபி இருந்தது. ஊற்றினேன். ஆபரேஷன் நாளில் சுவரில் ஒட்டியிருக்கிற கேஸ் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றபடி காபி குடிப்பேனே, அப்படியே குடித்தேன். முதல் கேஸ், ஐம்பத்து மூன்று வயது, இடது மார்பு. இதுக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணியாச்சா என்று கேட்க வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. கப் காலியாக இருந்தது.

வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பால் காபி, அதுவும் முழு கப்.

யாரிடமும் சொல்லாமல் சட்டையை மாற்றிக்கொண்டு போய் மேஜையில் படுத்தேன். விசில் வந்து குனிந்தான். அன்றைக்கு விசிலடிக்கவில்லை.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க மேடம்?"

"நேத்து ராத்திரி."

அவன் நகரவில்லை. "வாயில காபி வாசனை வருதே."

"அரை கப்தான். பரவாயில்ல, நான் சொல்றேன், ஆரம்பி."

"முடியாது மேடம். மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். இன்னிக்கு வேணாம்."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும் மேடம். என் நோயாளிகிட்ட."

பவ்யம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ்கள் சுவரைப் பார்த்தார்கள். நான் அந்தக் குட்டைச் சட்டையோடு மேஜையிலிருந்து இறங்கி, பின்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்தேன். மதியம் தியேட்டர் எலும்பு டாக்டர்களுக்கு. இனி அடுத்த வியாழன்தான்.

வேண்டுமென்றே குடித்தாள் என்று பேசிக்கொள்கிறார்களாம். சத்தியமாக இல்லை. மறந்துதான் போனேன். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்துகொண்டே இருக்கிறேன். கட்டி இருக்கிற இடத்தில் கை தானாகப் போகிறது, எடுக்கிறேன், மறுபடி போகிறது. பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.

கத்தி


மார்ச் 16

கத்தி,

வியாழக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன்.

லீவு போட்டுவிட்டு ஆம்புலன்ஸ் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். டிரைவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். தியேட்டருக்கு வெளியே இருக்கிற இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி என்னைத் தாண்டிப் போனாய். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் நான் பார்த்தது தெரிந்தால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய் என்று நினைத்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

நீ வேண்டுமென்று குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? நாளெல்லாம் டாக்டராகவே இருந்துவிட்டு ஒரு காலையில் திடீரென்று வேறு ஆளாக எழுந்திருக்க முடியாது. உன்னை நினைத்துச் சிரித்தேன், அப்புறம் பஸ்ஸில் போகும்போது அழுகை வந்து, பக்கத்து சீட்காரர் எனக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

போவதற்கு முன்னால் விசிலைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "சார், மேடத்துக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன் சார். என் வேலை போயிடுமா?" என்று கேட்டான். போனால் என்னிடம் வா என்றேன்.

யோசித்துப் பார் கத்தி. அன்றைக்கு நான் நிறுத்து என்றேன், நீ நிறுத்தவில்லை. விசில் நிறுத்து என்றான், நின்றது. நீ கத்தினாய், அப்படியும் நின்றது. இருபது வருஷம் என்னால் முடியாததை அவன் இரண்டு நிமிஷத்தில் செய்துவிட்டான். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. நீ தேடுகிற ஆள் நான் இல்லை, அவன்தான். நீ கண்ணை மூடிய பிறகு உனக்காக யாரிடம் வேண்டுமானாலும் முடியாது என்று சொல்லக்கூடியவன் அவன்.

வியாழன் வருகிறேன். தலைமாட்டுக்கு இல்லை, பெஞ்சுக்கு.

தாலாட்டு


மார்ச் 19

தாலாட்டு,

நீ பெஞ்சில் இருந்தாய் என்று படித்ததும் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன்.

விசிலைத் தேடிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். உட்காருப்பா என்றேன். வியாழக்கிழமை நீதான் இருக்கணும் என்றேன். "விசில் அடிக்க மாட்டேன் மேடம்" என்றான். அடிச்சுக்கோ, நான்தான் தூங்கிட்டிருப்பேனே என்றேன். எனக்கே தெரியாமல் அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம் பவ்யத்தின் அறை. நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த ஸ்டூல் எவ்வளவு குட்டை என்று இதுவரை தெரியாது, டாக்டரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. "நான் சொன்னதெல்லாம் விட்டுடு. இது வேற யாரோ ஒரு பொம்பளைன்னு நெனச்சுக்கோ. நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

பேனாவை மூடி மேஜையில் வைத்தான். "முதல் நெறியை எடுத்து அங்கேயே சோதிப்பேன் மேடம். அதுல இருந்தா அக்குளை முழுசா சுத்தம் பண்ணுவேன்."

"என் கை?"

"கையைப் பத்தி அப்புறம் பார்க்கலாம் மேடம்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் நான் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! துணி தைக்கிறவர்கள், மாவு பிசைகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருந்தவர்கள். அப்புறம் பார்க்கலாம்மா என்பேன், அடுத்த நோயாளியைக் கூப்பிடுவேன். எழுந்து அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. சரி, நீ நினைக்கிறபடி செய் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

முந்தின நாளே வார்டில் படுத்துக்கொள்கிறேன். பிளாஸ்க் இருக்கிற பக்கம் என்னை விட வேண்டாம் என்று நர்ஸ்களிடம் குட்டி போனில் சொல்லிவைத்திருக்கிறாளாம்.

கத்தி


மார்ச் 21, வியாழன், பெஞ்சிலிருந்து

கத்தி,

இதைச் சிஸ்டரிடம் கொடுத்துவிடுவேன். நீ முழுசாகத் தெளிந்ததும் உன் கையில் கொடுப்பார்.

இந்தப் பெஞ்சுப் பக்கம் இருக்கிற காவலாளி, சிஸ்டர் எல்லாரும் நான் போன பிறகு வந்தவர்கள், நான் டாக்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே விட்டுவிடுவார்கள். போனால் திரையில் ஓடுகிற எண்களைப் பார்ப்பேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். அதனால் சொந்தக்காரர்களோடு சொந்தக்காரனாக உட்கார்ந்திருக்கிறேன். காவலாளி இரண்டு தடவை, "இங்க நிக்காதீங்க, உக்காருங்க" என்று அதட்டிவிட்டார். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, எழுந்தால் அதட்டுகிறார்.

கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சே எழுந்திருக்கிறது. யாரோ பஞ்சு எடுக்கப் போகிறார், அவ்வளவுதான். எல்லாரும் மறுபடி உட்கார்கிறோம். உள்ளே இருந்தபோது ஒரு தடவையாவது இந்தக் கதவை நான் மெதுவாகத் திறந்ததில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், "உள்ள யாருங்க, வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அது நேரம் இல்லை.

நடுவில் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். பவ்யம் வெளியே வந்து பேசிவிட்டுப் போனான். நிமிர்ந்து நின்று பேசினான், பார்க்க நன்றாக இருந்தது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு எவனாவது வந்து சொல்வது உனக்குப் பிடிக்காது. கண் விழித்ததும் கட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தடவிப் பார்த்து நீயே கணக்குப் போட்டுவிடுவாய். அதற்கு முன் என்னிடமிருந்து தெரிந்துகொள்.

முதல் நெறியில் இருந்தது. அக்குளை முழுசாக எடுத்துவிட்டார்கள். நீ சொன்னபடி தொடாமல் மூடித் தைத்திருந்தால் அது உள்ளேயே இருந்திருக்கும். இனி மருந்து ஏற்ற வேண்டும், கதிர் வைக்க வேண்டும். முடி கொட்டும். கை வீங்கலாம், வீங்காமலும் போகலாம். பவ்யம் சொன்ன எதையும் மறைக்கவில்லை.

உன் அழுத்தம் ஒரு தடவை இறங்கியதாம். விசில், "நிறுத்துங்க" என்றானாம். பவ்யம் உடனே கையை எடுத்துவிட்டு, அவன் சரி என்று சொல்கிற வரைக்கும் நின்றானாம்.

நான் எங்கும் போகவில்லை. இங்கேயே இருக்கிறேன்.

தாலாட்டு


மார்ச் 22, வார்டு

தாலாட்டு,

வலது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள். இடது கையைத் தலையணை மேல் வைத்திருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன. மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். காலையில் பவ்யம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதையே சொன்னான். தெரியும் என்றேன். அவன் போன பிறகு வழக்கம்போல அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். எந்த மருந்து, எத்தனை வாரம், எந்த டாக்டர், என் கேஸ்களை யாரிடம் கொடுப்பது. பாதியில் நின்றுவிட்டது. மேலே ஓடவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை. யார் எந்த நிலைமையில் வந்தாலும் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும். இப்போது எனக்கே தெரியவில்லை.

ராத்திரி முழுக்க நீ பெஞ்சிலேயே இருந்தாய் என்று புதிதாக வந்திருக்கிற ராத்திரி சிஸ்டர் சொன்னார். "யாரோ ஒருத்தர், போகச் சொன்னாலும் போக மாட்டேங்கறாரு மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

பயமாக இருக்கிறது. நிஜமாகவே ரொம்பப் பயமாக இருக்கிறது. உள்ளே வா. அடுத்து என்ன செய்யலாம் என்று நீ சொல், நான் கேட்கிறேன்.